"ஏ.பி.எஸ். இருக்கு, பயமில்லே" என்று முறுக்குகிறீர்களா? திருச்சி பைக் வாலிபர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய பிரேக் விஷயம்

திருச்சி,

சாயங்காலம் 6 மணி. லேசான தூறல். ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலையில் இருந்து சிந்தாமணி நோக்கி காவிரி பாலத்தில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்கிறது. பின்னால் பைக்கில் வந்த வாலிபர் பதறிப்போய் பிரேக்கை அமுக்குகிறார். அடுத்த 2 வினாடியில் அவர் நிற்பாரா, சறுக்கி விழுவாரா?

பாலத்தில் தினமும் நடக்கிற காட்சிதான் இது. டீக்கடையில் இதைப்பற்றி பேச்சு வந்தால், "மச்சான், என் வண்டியில ஏ.பி.எஸ். இருக்குடா, எப்படி புடிச்சாலும் விழாது" என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்துவார். "அதெல்லாம் சும்மா கம்பெனிக்காரன் காசு புடுங்குற வேலை" என்று இன்னொருவர் தள்ளி விடுவார்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஏ.பி.எஸ். உயிரைக் காப்பாற்றும். ஆனால் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் நம்பினால் அதுவே ஆளைக் கவிழ்த்து விடும்.

நாடு முழுவதும் 2022-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. 64 ஆயிரத்து 105 விபத்துகள். ஆகவே இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பைக் கதை மட்டும் அல்ல. வேலைக்கு வண்டியில் போய் வரும் எல்லோருக்கும் பொதுவான விஷயம்.

மலை ஏறும் பைக்குகள்

சனி, ஞாயிறு காலையில் துறையூர் ரோட்டில் பார்த்தால் உயரமான பைக்குகள் கூட்டமாக போகும். பெரிய முன்சக்கரம், மேலே தூக்கிய சைலன்சர், பின்னால் பெட்டி. இதற்கு அட்வெஞ்சர் பைக் என்று பெயர். தார் ரோட்டிலும் போகும், மண் பாதையிலும் ஏறும். பச்சமலைக்கும், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கும் வாலிபர்கள் இதில் கிளம்பி விடுகிறார்கள்.

இந்த வகையில் நம் ஊர் ரோட்டில் அதிகம் கண்ணில் படுவது ராயல் என்பீல்டு ஹிமாலயன். 2016-ல் விற்பனைக்கு வந்தபோது இதில் ஏ.பி.எஸ். கிடையாது. 2018-ல் வந்தது. 2020-ல் பின்சக்கர ஏ.பி.எஸ்.சை மட்டும் அணைத்து வைக்கும் வசதி சேர்ந்தது. 2023 நவம்பரில் 452 சி.சி. என்ஜினோடு புது ஹிமாலயன் வந்தது. கே.டி.எம். 390 அட்வெஞ்சர் 2020-ல் வந்தபோதே டிராக்ஷன் கண்ட்ரோலும் சேர்த்துக் கொண்டு வந்தது. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்ற அட்வெஞ்சர் பைக்கை இறக்கியது. அதிலும் ஏ.பி.எஸ்., டிராக்ஷன் கண்ட்ரோல் இரண்டும் உண்டு.

வண்டியில் பட்டன் வந்து விட்டது. அந்த பட்டனை எப்போது அமுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்பதுதான் பலருக்கு தெரிவதில்லை.

சக்கரம் பூட்டிக்கொண்டால்...

முதலில் ஒரு விஷயம். ஓடுகிற பைக் விழாமல் நிற்பதற்கு சக்கரம் சுற்றிக்கொண்டு இருக்க வேண்டும். பிரேக்கை ஒரேயடியாக அமுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்காது, சக்கரம் மட்டும் நின்று விடும். டயர் ரோட்டில் தேய்ந்தபடி சறுக்கும். அந்த நேரத்தில் ஹேண்டில் பாரை எந்தப்பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது.

பின்சக்கரம் பூட்டினால் வால் ஆடும். சமாளிக்க கொஞ்சம் நேரம் கிடைக்கும். முன்சக்கரம் பூட்டினால் அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் ஆள் தரையில் இருப்பார்.

"முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று நம் அப்பா காலத்தில் சொல்லி வைத்தது இதனால்தான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முழுக்க முன்னால் வந்து விழுகிறது. எனவே வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும் பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் முன்னால் நிற்கும் பஸ்சில் போய் மோத வேண்டியதுதான்.

ஏ.பி.எஸ். என்ன செய்கிறது?

சக்கரத்தின் டிஸ்க்கை ஒட்டி, வெட்டு வெட்டாக ஒரு வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் சின்ன சென்சார். சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று இந்த சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்ததும் சக்கரம் திடீரென்று நிற்கப்போகிறது என்று தெரிந்தால், வண்டிக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு நொடி தளர்த்தும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் மறுபடி அழுத்தும். இப்படி ஒரு வினாடிக்குள் பல தடவை விட்டு விட்டு பிடிக்கும். மனிதக் கையால் இந்த வேகத்தில் செய்ய முடியாது.

இதனால் கிடைக்கும் பெரிய லாபம், முழு பிரேக் பிடித்துக்கொண்டே வண்டியை திருப்ப முடியும். குறுக்கே வந்த மாட்டையோ, நின்ற ஆட்டோவையோ சுற்றிக்கொண்டு போக வழி கிடைக்கும்.

1958-லேயே சோதித்தார்கள்

ஏ.பி.எஸ். முதலில் வந்தது விமானத்துக்கு. ஈரமான ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரம் பூட்டி டயர் வெடிக்காமல் இருக்க, இங்கிலாந்தின் டன்லப் கம்பெனி 1950-களில் மாக்சரெட் என்ற கருவியை விமானங்களில் வைத்தது.

அதே கருவியை 1958-ல் இங்கிலாந்து சாலை ஆராய்ச்சி நிலையம் ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்தி ஓட்டிப் பார்த்தது. அந்த மோட்டார் சைக்கிள் ராயல் என்பீல்டு சூப்பர் மீட்டியார். வழுக்கும் ரோட்டில், சக்கரம் பூட்டி நிற்பதை விட 30 சதவீதம் வரை குறைந்த தூரத்தில் நின்றது. ஆனாலும் இதற்கு எதிர்காலம் இல்லை என்று கம்பெனி விட்டு விட்டது. சென்னை திருவொற்றியூரில் என்பீல்டு புல்லட் தயாரிப்பு 1956-ல் தொடங்கி சில வருடங்களே ஆன நேரம் அது.

பிறகு 1988-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனிதான் மோட்டார் சைக்கிளில் எலக்ட்ரானிக் ஏ.பி.எஸ்.சை விற்பனைக்கு கொண்டு வந்தது. ஹிமாலயனுக்கு ஏ.பி.எஸ். வந்தது, அந்த சோதனை நடந்து சரியாக 60 வருடம் கழித்து.

லீவர் துடித்தால் விடாதீர்கள்

ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பிரேக் லீவர் விரலுக்கு அடியில் கட கடவென்று துடிக்கும். கால் பிரேக்கும் உதைக்கும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். "என்னமோ உடைஞ்சு போச்சு" என்று பயந்து லீவரை விட்டு விடுகிறார்கள். விட்டால் பிரேக் இல்லை. நேராகப் போய் மோதல்தான்.

துடிப்பது கோளாறு இல்லை. "நான் வேலை செய்கிறேன், நீ அமுக்கிக்கொண்டே இரு" என்று வண்டி சொல்கிறது. இரண்டு பிரேக்கையும் உறுதியாக அமுக்கி, வண்டி நிற்கும் வரை விடாமல் பிடிக்க வேண்டும். நிற்கப்போகும் நேரத்தில் கிளட்ச். கண் மோதப்போகும் பொருளைப் பார்க்காமல், தப்பிக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியில் விட்டு விட்டு பிடித்துப் பழகியவர்கள் ஏ.பி.எஸ். வண்டியில் அப்படி செய்யக்கூடாது. அந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

கணக்கு பாருங்கள்

ஏ.பி.எஸ். இருந்தாலும் வேகத்தின் கணக்கு மாறாது. 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடி விடும். பஸ் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்கு போகவே சுமார் ஒரு வினாடி ஆகும். அதன்பிறகு காய்ந்த தார் ரோட்டில் நன்றாக பிரேக் பிடித்தால் நிற்க சுமார் 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர்.

40 கிலோ மீட்டர் வேகம் என்றால் மொத்தமே சுமார் 20 மீட்டரில் நின்று விடலாம். 80 என்றால் 57 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் பிடிக்கும் தூரம் நாலு மடங்கு. மழையில் இது இன்னும் கூடும். முன்னால் போகும் லாரியின் பின்னால் 5 மீட்டரில் ஒட்டிக்கொண்டு போனால் எந்த ஏ.பி.எஸ்.சும் காப்பாற்றாது.

மணலில் கதை வேறு

மழை பெய்த தார் ரோட்டில் ஏ.பி.எஸ். ராஜா. ஆனால் மணல், சரளைக்கல், சேறு என்று வந்தால் கதை மாறுகிறது.

மணலில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மணலை அள்ளிக் குவிக்கும். அந்த மணல் குவியலே வண்டியை நிறுத்தும். ஏ.பி.எஸ். சக்கரத்தை பூட்ட விடாது. எனவே மணல் குவியாது, சக்கரம் உருண்டு கொண்டே போகும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை விட அதிக தூரம் ஓடித்தான் நிற்கும்.

மண் பாதையில் செங்குத்தாக இறங்கும்போது இது தெளிவாக தெரியும். பிரேக்கை அமுக்க அமுக்க லீவர் துடிக்கும், வண்டி மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் அட்வெஞ்சர் பைக்கில் பின்சக்கர ஏ.பி.எஸ்.சை அணைக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். ஹிமாலயனில் பட்டன், கே.டி.எம்.மில் ஆப்ரோடு மோடு. இரண்டிலும் முன்சக்கர ஏ.பி.எஸ். வேலை செய்து கொண்டுதான் இருக்கும். முன்சக்கரம் பூட்டினால் விழுவது நிச்சயம் என்பதால் அதை விட்டு வைத்திருக்கிறார்கள்.

இது காட்டுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை. மணல் லாரி சிந்திப்போன மணல் ரோட்டு ஓரமாக கிடக்கும். லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கம் அறுவடை நேரத்தில் நெல்லை ரோட்டிலேயே காயப்போடுவார்கள். உளுந்து, எள் செடியை பரப்பி வைத்து வண்டிகளை ஏற விடுவார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் உருளைக்கட்டை மேல் நிற்பது போல்தான். ஏ.பி.எஸ். ஆளை விழாமல் வைக்கலாம், ஆனால் வண்டி சீக்கிரம் நிற்காது. தூரத்தில் கண்டதுமே வேகத்தை குறைத்து, அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல் கடப்பதே நல்லது.

அணைத்ததை மறக்காதீர்கள்

மலையில் பின்சக்கர ஏ.பி.எஸ்.சை அணைத்தவர் இறங்கி தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி போட வேண்டும். பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் தானாக பழைய நிலைக்கு வந்து விடும். வண்டியை நிறுத்தாமல் அப்படியே வந்தால் வராது. துறையூரைத் தாண்டி வேகமாக வரும்போது நாய் குறுக்கே வந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

எனவே தார் ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் ஓரம் கட்டுங்கள். சாவியை அணைத்துப் போடுங்கள். மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கைப் பாருங்கள். ஊருக்குள் எந்த நேரத்திலும் அணைக்க வேண்டாம்.

டிராக்ஷன் கண்ட்ரோல் எதற்கு?

ஏ.பி.எஸ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்க்கும். டிராக்ஷன் கண்ட்ரோல் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பின்சக்கரம் சும்மா சுழலாமல் பார்க்கும். அதே சென்சார்கள்தான். முன்சக்கரத்தை விட பின்சக்கரம் வேகமாக சுற்றினால், டயர் பிடி இழந்து விட்டது என்று கம்ப்யூட்டர் புரிந்து கொண்டு என்ஜின் சக்தியைக் குறைக்கும்.

மழையில் சிக்னல் விழுந்ததும் முறுக்கினால், ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பஸ் நிற்கும் இடத்தில் சிந்திய ஆயில் இவற்றின் மேல் பின்சக்கரம் வழுக்கும். அங்கே டிராக்ஷன் கண்ட்ரோல் காப்பாற்றும். சக்தி அதிகம் உள்ள பெரிய வண்டிகளுக்குத்தான் இது முக்கியம்.

ஆனால் சேற்றில் ஏறும்போது பின்சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி மேலே போகும். டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தால் சக்தியை வெட்டி வெட்டி, வண்டி பாதி மேட்டில் மூச்சு முட்டி நின்று விடும். அங்கே அணைக்கலாம். மேடு ஏறியதும் மறுபடி போட வேண்டும். இன்னொன்று, டிராக்ஷன் கண்ட்ரோல் பிரேக் இல்லை. அது வண்டியை நிறுத்த உதவாது.

70 கொண்டை ஊசி வளைவு

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் ஏ.பி.எஸ். நம்பிக்கை பலரை ஏமாற்றும்.

டயரின் பிடிப்பை கையில் இருக்கும் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை சாய்த்து வளைக்கவே 400 ரூபாய் செலவாகி விட்டால், பிரேக்குக்கு மிச்சம் 100 ரூபாய்தான். அந்த நேரத்தில் 300 ரூபாய்க்கு பிரேக் பிடித்தால் கடன் கொடுக்க யாரும் இல்லை. சறுக்கி விடும். சாதாரண ஏ.பி.எஸ்.சுக்கு சக்கரம் சுற்றும் வேகம் மட்டுமே தெரியும், வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்வையும் அளக்கும் கார்னரிங் ஏ.பி.எஸ். சில வண்டிகளில் மட்டும் உண்டு. கே.டி.எம். 390 அட்வெஞ்சர் அதில் ஒன்று. அதுவும் 500 ரூபாயை 600 ஆக்காது.

வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தை குறைத்து விட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

125 சி.சி.க்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், அந்த வகை புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. 125 சி.சி. வரை உள்ளவற்றுக்கு சி.பி.எஸ். போதும் என்றார்கள். சின்ன வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ்.சை கட்டாயம் ஆக்க 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. அது புது வண்டிகளுக்குத்தான். ஏற்கனவே ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு வரப்போவதில்லை.

சி.பி.எஸ். வேறு, ஏ.பி.எஸ். வேறு. சி.பி.எஸ். என்பது கால் பிரேக்கை மிதித்தால், ஸ்கூட்டரில் இடது கை பிரேக்கை அமுக்கினால், முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிப்பது. சக்கரம் பூட்டுவதை அது தடுக்காது. மழையில் சாப்பாடு டெலிவரிக்கு ஓடுகிற தம்பிகள், சித்தாள், கொத்தனார் வேலைக்கு போகிறவர்கள் ஓட்டும் வண்டியில் பெரும்பாலும் இதுதான். அவர்கள் முன் பிரேக்கை மெதுவாகத் தொட்டு, பிறகு படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடிக்க வேண்டும்.

ஏ.பி.எஸ்.சிலும் 2 வகை. சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் பூட்டத்தான் செய்யும். 150, 160 சி.சி. வண்டிகள் பலவற்றில் இதுதான். டூயல் சேனல் என்றால் இரண்டு சக்கரத்துக்கும். வண்டி ஓரத்தில் ஏ.பி.எஸ். என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா?

சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் அணைய வேண்டும். எரிந்து கொண்டே இருந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். சாவியைப் போடும்போது விளக்கு எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். யாராவது பல்பை அணைத்து வைத்திருக்கலாம்.

வீலிங், ஸ்டண்ட் செய்வதற்காக ஏ.பி.எஸ். பியூசை பிடுங்கி விடும் பழக்கம் சில வாலிபர்களிடம் இருக்கிறது. 2023 தீபாவளி சமயத்தில் திருச்சி பக்கம் பைக்கில் பட்டாசு கட்டி வெடித்தபடி வீலிங் செய்த வீடியோ பரவி, போலீசார் கைது நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட கையில் இருந்து வந்த வண்டி உங்கள் கைக்கு வரலாம். பியூஸ் பெட்டியை திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பஞ்சர் கடையில் சக்கரத்தை கழற்றி மாட்டும்போது சென்சார் ஒயர் இழுபடாமல், வெட்டு வளையம் வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேற்றில் போய் வந்தால் அந்த இடத்தை தண்ணீர் ஊற்றி கழுவுங்கள். கம்பெனி சொன்ன அளவை விட்டு பெரிய டயர் மாட்டினால் சக்கர வேகக் கணக்கே தப்பாகி விடும். மொட்டையான டயரில் ஏ.பி.எஸ். இருந்தும் பயன் இல்லை. இல்லாத பிடிப்பை கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டு வரும்?

பழகிப் பாருங்கள்

ஏ.பி.எஸ். எப்படி துடிக்கும் என்று முதன்முதலில் தெரிந்து கொள்ளும் இடம் காவிரி பாலமாக இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்துக்கு போங்கள். ஹெல்மெட் போட்டு, தாடை பட்டையை மாட்டிக்கொண்டு, 30 கிலோ மீட்டர் வேகத்தில் நேராக வந்து, இரண்டு பிரேக்கையும் உறுதியாக அமுக்கிப் பாருங்கள். லீவர் துடிக்கட்டும். விடாதீர்கள். நாலைந்து தடவை செய்தால் கை தானாக பழகி விடும். நிஜ ஆபத்து வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, பழகிய கைதான் வேலை செய்யும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் இதைவிட மெதுவாக ஆரம்பித்து, சக்கரம் பூட்டாத அளவுக்கு எவ்வளவு அமுக்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூறல் போடுகிற சாயங்காலத்தில் முன்னால் ஆட்டோ நிற்கும்போது, அந்த பாதி வினாடியில் வண்டி உங்களைக் காப்பாற்ற தயாராக இருக்கும். அதற்கு இடம் விட்டு, வேகத்தை குறைத்து வந்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. வீட்டில் சோறு எடுத்து வைத்து காத்திருப்பவர்களுக்காகவாவது லீவரை விடாதீர்கள், இடைவெளியையும் விடாமல் போகாதீர்கள்.